குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1901 (ஆஸ்திரேலியா)

குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1901 என்பது ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நாடாளுமன்றம் தனது முதலாவது ஆண்டிலேயே இயற்றிய சட்டங்களுள் ஒன்றாகும். இச்சட்டத்துக்கு 1901 டிசம்பர் 23 அன்று ஆளுநர் நாயகத்தின் ஒப்புதல் கிடைத்தது. ஐரோப்பியர் அல்லாதோர் ஆஸ்திரேலியாவில் குடியேறுவதைத் தடுப்பதே இதன் முதன்மையான நோக்கமாகும். எனினும், எந்த இனத்தவரும் எந்த நாட்டவரும் இச்சட்டத்தின் தடைப் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. அதற்கு மாறாக, சுங்க அதிகாரி ஒருவர் தெரிவு செய்யும் ஐரோப்பிய மொழியொன்றில் ஐம்பது சொற்கள் கொண்ட பத்தியைச் சொல்லக் கேட்டு எழுத வேண்டும் என்ற தேர்வு ஒன்றே தடைக் கருவியாகப் பயன்படுத்தப்பட்டது. இது சொல்வதெழுதல் தேர்வு எனப்பட்டது.

"வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை" என்று பொதுவாக அழைக்கப்படும் கொள்கையின் சட்ட அடித்தளமாக இச்சட்டம் 57 ஆண்டுகள் விளங்கியது. 1958 ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இதனை நீக்கியது. ஆயினும் இனத்தின் அடிப்படையில் குடியேறுவோரைத் தெரிவு செய்யும் வழக்கம் 1973 ஆம் ஆண்டிலேயே முற்றாகக் கைவிடப்பட்டது.

பின்னணி

தங்க வயல்களும் சீனரும்

1851 ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா ஆகிய பிரித்தானியக் குடியேற்றங்களில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. இதனைத் தொடர்ந்து உலகின் பல பகுதிகளில் இருந்தும் மக்கள் அங்கு வந்து குவிந்தனர். இவர்களுள் தென்சீனாவில் இருந்து வந்தவர்கள் பெருந்தொகையினர். சுரங்கப் பகுதிகளில் சீனருக்கு எதிரான பகைமை விரைவிலேயே தோன்றியது.

1855 இல் விக்டோரியா அரசு, கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண் தலைவரி விதித்தது. கப்பலின் கொள்ளளவில் பத்துத் தொன்னுக்கு ஒரு சீனர் மட்டுமே ஏற்றி வரப்படலாம் என்ற வரம்பையும் விதித்தது. இவ்வரியைத் தவிர்ப்பதற்காக ஆயிரக்கணக்கான சீனர்கள் அயலில் இருந்த தென் ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவு நடந்தே விக்டோரியாவின் தங்க வயல்களை அடைந்தனர். நியூ சவுத் வேல்சில் லாம்பிங் பிளாட் என்னும் இடத்தில் 1860-61 காலப்பகுதியில் சீனர் முகாம்கள் மீது தொடர் தாக்குதல்கள் இடம்பெற்றன. அதன் பின்னர் நியூ சவுத் வேல்சும் இத்தகைய சட்டத்தை இயற்றியது.

1888 இல் "ஆப்கான்" என்ற கப்பலில் வந்த சீனப் பயணிகள் மெல்பேர்ணிலும் சிட்னியிலும் தரையிறங்க அனுமதிக்கப்படவில்லை. அதே ஆண்டில் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிச் சீனர் வருகையைக் கட்டுப்படுத்தும் ஒரே வகையான சட்டங்களை இயற்றுவது பற்றி ஆராய்ந்தனர்.

பசிபிக் தீவினர்

குவீன்சுலாந்தின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்காக 1863 முதல் 1904 வரை ஏறத்தாழ 62,000 பசிபிக் தீவினர் கொண்டுவரப்பட்டனர். சாலமன் தீவுகள், இன்றைய வனுவாட்டு ஆகியவற்றைச் சேர்ந்தோர் இவர்களுள் மிகுதி. சிலர் கடத்தப்பட்டும், சிலர் ஏமாற்றப்பட்டும், சிலர் ஒப்பந்தத்தின் பேரில் தாமாகவும் வந்தனர். இவர்களுக்கு வழங்கப்பட்ட மிகக் குறைந்த கூலி தங்கள் ஊதியத்தையும் குறைத்துவிடும் எனத் தொழிற்சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. இவ்வாறு, இன வெறுப்பும் ஊதியம் பற்றிய அச்சமும் ஒன்றுடன் ஒன்று கலந்தே குடிவரவு எதிர்ப்பு உருவானது.

நட்டால் முறை

1896 இல் நியூ சவுத் வேல்ஸ் நாடாளுமன்றம், சீனருக்கு மட்டும் இருந்த தடையை நிறமுடைய இனத்தவர் அனைவருக்கும் விரிவாக்கும் சட்டமுன்வரைவு ஒன்றை நிறைவேற்றியது. பிரித்தானிய அரசு இதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. இதற்கு இரு காரணங்கள் இருந்தன. முதலாவது, இந்தியர்கள் பிரித்தானிய முடியின் குடிமக்கள். பேரரசின் ஒரு பகுதியினரை மற்றொரு பகுதியினர் நிறத்தைக் கூறி விலக்குவதைப் பேரரசு வெளிப்படையாக ஏற்க இயலாது. இரண்டாவது, வளர்ந்து வந்த ஜப்பானின் நட்பு பிரித்தானியாவுக்குத் தேவைப்பட்டது.

இச்சிக்கலுக்கான தீர்வு தென்னாப்பிரிக்காவின் நட்டால் குடியேற்றத்தில் இருந்து கிடைத்தது. நட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகள் அனுப்பப்பட்டு வந்தனர். சென்னையில் இருந்து கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் இவர்களுள் பெருந்தொகையினர். இவர்களைத் தொடர்ந்து இந்திய வணிகர்களும் சொந்தச் செலவில் அங்கு வரத் தொடங்கினர். இதனை வெள்ளையர் எதிர்த்தனர். 1897 சனவரி 13 அன்று டர்பனில் தரையிறங்கிய மோகன்தாஸ் காந்தி ஒரு கும்பலால் தாக்கப்பட்டது இச்சூழலிலேயே ஆகும். அதே ஆண்டில் நட்டால் அரசு இயற்றிய சட்டம், நாட்டுக்குள் வருவோர் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பத்தைத் தாமே எழுத வேண்டும் என விதித்தது. இந்தியர் என்ற சொல் சட்டத்தின் அவ்விதியில் இல்லை. தோட்டங்களுக்குத் தேவைப்பட்ட ஒப்பந்தக் கூலிகளுக்கு இத்தேர்வு இருக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

1897 இல் இலண்டனில் நடைபெற்ற குடியேற்றங்களின் மாநாட்டில், பிரித்தானியக் குடியேற்றச் செயலாளர் ஜோசப் சேம்பர்லின் இம்முறையைப் பிற குடியேற்றங்களுக்கும் பரிந்துரைத்தார். மேற்கு ஆஸ்திரேலியா, நியூ சவுத் வேல்ஸ், தாஸ்மேனியா, நியூசிலாந்து ஆகியவை அடுத்த சில ஆண்டுகளில் இதனைப் பின்பற்றின.

சட்டத்தின் உருவாக்கம்

1901 சனவரி 1 அன்று ஆறு குடியேற்றங்கள் இணைந்து ஆஸ்திரேலியப் பொதுநலவாயம் உருவானது. அதன் முதலாவது நாடாளுமன்றம் மே 9 அன்று மெல்பேர்ணில் தொடங்கியது. முதலாவது பிரதமர் எட்மண்ட் பார்ட்டன் 1901 ஆகஸ்டில் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டமுன்வரைவைப் பிரதிநிதிகள் அவையில் முன்வைத்தார்.

ஐரோப்பியர் அல்லாதோரை விலக்க வேண்டும் என்பதில் அவையில் ஏறத்தாழ ஒருமித்த கருத்தே நிலவியது. எவ்வாறு விலக்குவது என்பதிலேயே விவாதம் நிகழ்ந்தது. தொழிற் கட்சித் தலைவர் கிறிஸ் வாட்சன், ஆசியரும் ஆப்பிரிக்கரும் வரக்கூடாது என நேரடியாகவே சட்டத்தில் எழுத வேண்டும் எனக் கோரித் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தார். மொழித் தேர்வு என்பது நேர்மையற்ற சுற்றுவழி என்பது இத்தரப்பினரின் வாதமாகும். பிரித்தானிய அரசின் எதிர்ப்பைச் சுட்டிக்காட்டிய பார்ட்டன் அரசு இதனை ஏற்கவில்லை. சிறிய வாக்கு வேறுபாட்டில் திருத்தம் தோல்வியுற்றது.

சட்டமா அதிபராக இருந்த ஆல்பிரட் டீக்கின், ஜப்பானியரின் குறைகளுக்காக அன்றி, அவர்களது உழைப்பும் விடாமுயற்சியும் அவர்களைக் கடும் போட்டியாளர்கள் ஆக்குவதாலேயே அவர்களை விலக்க வேண்டியுள்ளது என அவையில் வாதிட்டார். சட்டத்தின் ஆதரவாளர்கள் தாழ்ந்த இனங்கள் என்ற வாதத்தை மட்டும் நம்பி இருக்கவில்லை என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுவது உண்டு.

முதல் வரைவில் தேர்வு ஆங்கிலத்தில் நடைபெறும் என்றே இருந்தது. ஆங்கிலம் கற்ற இந்தியர்கள் இத்தேர்வில் எளிதில் தேறிவிடுவர் என்பதும், ஆங்கிலம் அறியாத ஐரோப்பியர்கள் தோற்றுவிடுவர் என்பதும் சுட்டிக்காட்டப்பட்டன. இதனால் "அதிகாரி பணிக்கும் ஐரோப்பிய மொழி ஒன்றில்" என விதி மாற்றப்பட்டது. இம்மாற்றமே ஆஸ்திரேலியச் சட்டத்தை நட்டால் சட்டத்தில் இருந்து வேறுபடுத்துகிறது. நட்டாலில் மொழியைத் தெரிவு செய்யும் வாய்ப்பு வந்தவருக்கு இருந்தது. ஆஸ்திரேலியாவில் அவ்வாய்ப்பு அதிகாரியின் கைக்கு மாறியது.

முக்கிய விதிகள்

பின்வருவோர் "தடைசெய்யப்பட்ட குடிவரவாளர்கள்" எனச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு வரையறுத்தது.

- அதிகாரி கேட்கும்போது, அவர் பணிக்கும் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்கள் கொண்ட பத்தியைச் சொல்லக் கேட்டு எழுதி, அவர் முன்னிலையில் கையொப்பமிடத் தவறுவோர்
- அரசின் அல்லது அறநிலையங்களின் ஆதரவில் வாழ நேரக்கூடியோர்
- மனநோயாளர்கள்
- ஆபத்தான தொற்றுநோய் உடையோர்
- அரசியல் சாராத குற்றங்களுக்காக ஓராண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத் தண்டனை பெற்று, குறித்த காலம் கழியாதோர்
- பரத்தையர்
- உடலுழைப்புக்காக ஒப்பந்தம் செய்துகொண்டு வருவோர்

தடையை மீறி நாட்டுக்குள் காணப்படுவோருக்கு ஆறு மாதச் சிறையும் நாடுகடத்தலும் தண்டனையாக விதிக்கப்பட்டன. தடைசெய்யப்பட்டவரை ஏற்றி வரும் கப்பல் தலைவருக்கு ஒருவருக்கு 100 பவுண் வீதம் தண்டம் விதிக்கப்பட்டது. இதனால் ஆசியரை ஏற்றுவதற்கே கப்பல் நிறுவனங்கள் தயங்கின. சட்டம் வெளிநாட்டுத் துறைமுகங்களிலேயே செயற்படத் தொடங்கிவிட்டது எனலாம்.

தடைசெய்யப்படாத ஒருவரின் மனைவியும் சிறுவயதுப் பிள்ளைகளும் அவருடன் வரலாம் என மூலச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. இவ்விதி 1903 இல் நிறுத்தி வைக்கப்பட்டு, 1905 ஆம் ஆண்டின் திருத்தத்தில் நீக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் ஏற்கனவே வாழ்ந்த சீனரும் இந்தியரும் தம் குடும்பத்தினரை அழைத்து வருவது இதனால் பெரிதும் தடைப்பட்டது.

சொல்வதெழுதல் தேர்வு

தேர்வின் நடைமுறை

பள்ளிகளில் நடத்தப்படும் சொல்வதெழுதல் மாணவரின் மொழியறிவைச் சோதிப்பதற்கானது. இத்தேர்வு அந்த நோக்கத்துக்காக அமைந்தது அன்று. விலக்கப்பட வேண்டியவர் எனக் கருதப்பட்டவருக்கு, அவர் அறியாத மொழியிலேயே தேர்வு வைக்க வேண்டும் என அதிகாரிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. ஒரு மொழியில் தேறினால் மற்றொரு மொழியில் மீண்டும் தேர்வு நடத்தலாம். ஐரோப்பியக் குடியேறிகளுக்குப் பொதுவாக இத்தேர்வு வைக்கப்படவே இல்லை. ஆகவே, ஒருவருக்குத் தேர்வு வைப்பது என்ற முடிவே அவரை விலக்கும் முடிவாக இருந்தது.

1902-03 காலப்பகுதியில் 805 முறை தேர்வு நடத்தப்பட்டது. 46 பேர் தேறினர். 1904 முதல் 1909 வரை 554 முறை நடத்தப்பட்ட தேர்வில் 6 பேர் மட்டுமே தேறினர். 1909 ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஒருவர் கூடத் தேறவில்லை.

தேர்வு துறைமுகத்தோடு முடிந்துவிடவில்லை. நாட்டுக்குள் வந்து ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் ஒருவரைத் தேர்வுக்கு உட்படுத்தலாம் என மூலச் சட்டம் கூறியது. இக்காலவரம்பு படிப்படியாக நீட்டிக்கப்பட்டு 1932 இல் ஐந்து ஆண்டுகளாக்கப்பட்டது. குற்றத் தண்டனை பெற்றோர், அரசியல் காரணங்களால் விரும்பப்படாதோர் ஆகியோரை வெளியேற்றவும் இது பயன்படுத்தப்பட்டது.

1905 ஆம் ஆண்டின் திருத்தம்

"ஐரோப்பிய மொழி" என்ற சொற்றொடர் தம்மை இழிவுபடுத்துவதாக ஜப்பானிய அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. 1902 இல் ஏற்பட்ட ஆங்கில-ஜப்பானிய உடன்படிக்கைக்குப் பின்னர் இதனைப் புறக்கணிப்பது கடினமாகியது. 1904 இல் ஜப்பானிய, இந்திய வணிகர்களும் மாணவர்களும் பயணிகளும் கடவுச்சீட்டுடன் தேர்வின்றி ஓராண்டு வரை தங்குவதற்கு ஏற்பாடு செய்யப்பட்டது. 1905 இல் "ஐரோப்பிய மொழி" என்பது "விதிக்கப்பட்ட எந்த மொழியும்" என மாற்றப்பட்டது. ஆயினும், ஐரோப்பிய மொழி அல்லாத எந்த மொழியும் இதன்கீழ் ஒருபோதும் விதிக்கப்படவில்லை.

விலக்குச் சான்றிதழ்கள்

1901 க்கு முன்பே ஆஸ்திரேலியாவில் குடியேறியிருந்த சீனர், இந்தியர், சிரியர், ஆப்கானிய ஒட்டக ஓட்டிகள் முதலியோர் தாய்நாடு சென்று திரும்ப விரும்பினால், புறப்படுவதற்கு முன்பே தேர்வில் இருந்து விலக்களிக்கும் சான்றிதழைப் பெற வேண்டியிருந்தது. இதற்குக் கட்டணமும், ஊரில் மதிப்புள்ளவர்களின் நற்சான்றுகளும் தேவைப்பட்டன. சான்றிதழில் ஒளிப்படமும் கைப்பதிவும் இடம்பெற்றன. ஆஸ்திரேலியாவிலேயே பிறந்த சீன வம்சாவளியினரும் திரும்பி வரும்போது சிக்கல் ஏற்படாதிருக்க இவற்றைப் பெற்றுச் சென்றனர். இவ்வாவணங்கள் பெருந்தொகையில் ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. மக்களைக் கண்காணிக்க உருவாக்கப்பட்ட இக்கோப்புகளே, இன்று அவர்களின் வழித்தோன்றல்கள் தம் குடும்ப வரலாற்றை அறிய உதவும் முதன்மைச் சான்றுகளாக உள்ளன.

தொடர்புடைய சட்டங்கள்

குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் தனித்து நிற்கவில்லை. அதே காலப்பகுதியில் இயற்றப்பட்ட வேறு பல சட்டங்களும் இதே நோக்கத்தைக் கொண்டிருந்தன.

- பசிபிக் தீவுத் தொழிலாளர் சட்டம், 1901: 1904 மார்ச்சுக்குப் பின்னர் தீவினரைக் கொண்டுவருவதைத் தடுத்தது. 1906 இறுதிக்குப் பின்னர் எஞ்சியிருப்போரை நாடுகடத்த வழிசெய்தது. 7,000 க்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர்.
- அஞ்சல், தந்திச் சட்டம், 1901: ஆஸ்திரேலிய அஞ்சலை ஏற்றிச் செல்லும் கப்பல்களில் வெள்ளையர் மட்டுமே பணிபுரிய வேண்டும் என ஒப்பந்தங்களில் நிபந்தனை விதித்தது.
- பொதுநலவாய வாக்குரிமைச் சட்டம், 1902: பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிய இச்சட்டம், ஆஸ்திரேலியப் பழங்குடியினர், ஆசியர், ஆப்பிரிக்கர், நியூசிலாந்து தவிர்ந்த பசிபிக் தீவினர் ஆகியோருக்கு, ஏற்கனவே மாநில வாக்குரிமை பெற்றிருந்தோர் நீங்கலாக, அதனை மறுத்தது.
- குடியுரிமையளிப்புச் சட்டம், 1903: ஆசிய, ஆப்பிரிக்க, பசிபிக் தீவு நாட்டவர் குடியுரிமை கோர முடியாதபடி செய்தது.

இக்கொள்கைக்கு விதிவிலக்குகளும் இருந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் நகரை மையமாகக் கொண்ட முத்துச்சிப்பித் தொழிலுக்கு ஜப்பானிய, மலாய் முக்குளிப்போர் ஒப்பந்தத்தின் பேரில் தொடர்ந்து வரவழைக்கப்பட்டனர். ஆபத்து மிகுந்த இத்தொழிலுக்கு வெள்ளையர் முன்வராததே காரணமாகும்.

குறிப்பிடத்தக்க வழக்குகள்

ஜேம்ஸ் மினகன் (1908)

விக்டோரியாவில் பிறந்த ஜேம்ஸ் மினகனின் தந்தை சீனர். தாய் வெள்ளை இனத்தவர். ஐந்து வயதளவில் தந்தையுடன் சீனா சென்ற மினகன், 1908 இல் திரும்பி வந்தபோது தேர்வுக்கு உட்படுத்தப்பட்டுத் தோல்வியுற்றார். தான் பிறந்த நாட்டுக்குத் திரும்பும் ஒருவர் "குடிவரவாளர்" ஆகமாட்டார் என ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்தது.

பூன் கூய் குடும்பம் (1910-1913)

விக்டோரியாவில் வாழ்ந்த வணிகர் பூன் கூயின் மனைவி ஹாம் ஹொப், 1910 இல் தற்காலிக அனுமதியுடன் வந்து சேர்ந்தார். அவருக்கு அங்கு இரு பெண் குழந்தைகள் பிறந்தனர். கிறித்தவத் திருச்சபையினரும் பொதுமக்கள் பலரும் ஆதரித்தும் அனுமதி நீட்டிக்கப்படவில்லை. 1913 இல் அவர் குழந்தைகளுடன் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்.

எகோன் கிஷ் (1934)

செக்கோசிலோவாக்கிய எழுத்தாளரும் நாசி எதிர்ப்பாளருமான எகோன் கிஷ், போர் எதிர்ப்பு மாநாடு ஒன்றில் பேசுவதற்காக 1934 இல் வந்தார். தரையிறங்க அனுமதி மறுக்கப்பட்டதால் மெல்பேர்ணில் கப்பலில் இருந்து துறைமேடையில் குதித்துக் காலை முறித்துக்கொண்டார். சிட்னியில் அவருக்குச் சொல்வதெழுதல் தேர்வு வைக்கப்பட்டது. பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர் என்பதால், இசுக்காட்லாந்தின் கேலிக் மொழி தெரிவு செய்யப்பட்டது. சட்டத்தின் பொருளில் கேலிக் ஓர் ஐரோப்பிய மொழி ஆகாது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை நீக்கியது.

மேபெல் பிரீர் (1936)

இந்தியாவில் பிறந்த வெள்ளை இனப் பெண்ணான மேபெல் பிரீர் பிரித்தானியக் குடிமகள். மணமான படை அதிகாரி ஒருவருடன் அவருக்கு இருந்த உறவு காரணமாக, ஆங்கிலம் பேசும் இவருக்கு இத்தாலிய மொழியில் தேர்வு வைக்கப்பட்டது. நாடாளுமன்றத்திலும் செய்தித்தாள்களிலும் பெரும் கண்டனம் எழுந்தது. 1937 இல் அவர் அனுமதிக்கப்பட்டார். நிறத்தின் அடிப்படையில் விலக்குவதற்கென உருவான கருவி, அதிகாரிகள் விரும்பாத எவர் மீதும் பாயக்கூடியது என்பதை இவ்வழக்கும் கிஷ் வழக்கும் காட்டின.

ஆனி ஓ'கீஃப் (1949)

இந்தோனேசியாவைச் சேர்ந்த இவர், இரண்டாம் உலகப் போரின்போது கணவருடனும் பிள்ளைகளுடனும் ஆஸ்திரேலியாவில் அடைக்கலம் புகுந்தார். நேச நாடுகளுக்காகப் பணியாற்றிய கணவர் 1944 இல் வானூர்தி விபத்தில் இறந்தார். பின்னர் ஆஸ்திரேலியர் ஒருவரை மணந்தார். ஆயினும், குடிவரவு அமைச்சர் ஆர்தர் கால்வெல் எட்டுப் பிள்ளைகளின் தாயான அவரை வெளியேற ஆணையிட்டார். அவருக்குத் தேர்வு வைக்கப்படாததால், அவர் தடைசெய்யப்பட்ட குடிவரவாளர் அல்லர் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கால்வெல் உடனடியாகப் போர்க்கால அகதிகளை வெளியேற்றுவதற்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்தார். இவ்வழக்கு மக்களிடையே பரவலான பரிவை ஏற்படுத்தியது.

இந்தியரும் இச்சட்டமும்

பேரரசின் குடிமக்களாக இருந்தும் பேரரசின் ஒரு பகுதிக்குள் நுழைய இயலாமை இந்தியத் தலைவர்களிடையே மனக்கசப்பை ஏற்படுத்தியது. முதல் உலகப் போரில் இந்தியப் படையினரும் ஆஸ்திரேலியப் படையினரும் கலிப்பொலியில் ஒரே களத்தில் போரிட்ட பின்னர் இவ்வினா மேலும் வலுப்பெற்றது. 1918 இல் நடைபெற்ற பேரரசுப் போர் மாநாட்டின் தீர்மானத்தை அடுத்து, ஆஸ்திரேலியாவில் நிலையாக வாழ்ந்த இந்தியர் தம் மனைவியையும் வயதுவராத பிள்ளைகளையும் அழைத்துவர இடமளிக்கப்பட்டது.

1922 இல் வி. எசு. சீனிவாச சாத்திரி இந்திய அரசின் சார்பில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குப் பயணம் செய்தார். தஞ்சை மாவட்டத்தின் வலங்கைமானில் பிறந்த இவர், ஆங்கிலச் சொற்பொழிவாற்றலுக்குப் பெயர் பெற்றவர். குடிவரவுத் தடையை நீக்கும்படி இவர் கோரவில்லை. ஏற்கனவே குடியேறிய இந்தியருக்குச் சம உரிமை வழங்கப்பட வேண்டும் என்பதே இவரது கோரிக்கையாகும். இதன் தொடர்ச்சியாக 1925 இல் ஆஸ்திரேலியா வாழ் இந்தியருக்குக் கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்குரிமை வழங்கப்பட்டது. இவ்வுரிமை சில ஆயிரம் பேருக்கே பயன்பட்டது. கதவு மூடியே இருந்தது.

அனைத்துலக விளைவுகள்

1919 பாரிசு அமைதி மாநாட்டில், நாடுகள் சங்கத்தின் உடன்படிக்கையில் இனச் சமத்துவக் கோட்பாட்டைச் சேர்க்க வேண்டும் என ஜப்பான் முன்மொழிந்தது. ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். இது வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கைக்கு ஆபத்தாக அமையும் என அவர் கருதினார். பெரும்பான்மை நாடுகள் ஆதரித்தும், ஒருமித்த முடிவு இல்லை என்ற காரணத்தால் முன்மொழிவு ஏற்கப்படவில்லை. இதனால் ஜப்பானில் ஏற்பட்ட ஏமாற்றம், மேற்கு நாடுகளுடனான அதன் உறவைப் பாதித்த காரணங்களுள் ஒன்றாக வரலாற்றாளர்களால் குறிப்பிடப்படுகிறது.

தளர்வும் நீக்கமும்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படையெடுப்பு அச்சத்தை எதிர்கொண்ட ஆஸ்திரேலியா, போருக்குப் பின் மக்கள்தொகையைப் பெருக்க முனைந்தது. 1945 இல் குடிவரவுத் திணைக்களம் உருவாக்கப்பட்டது. பிரித்தானியர் மட்டுமன்றி, போரினால் இடம்பெயர்ந்த பிற ஐரோப்பியரும், பின்னர் இத்தாலியரும் கிரேக்கரும் பெருந்தொகையில் வரவேற்கப்பட்டனர். ஆசியாவில் புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுடன் நல்லுறவும் தேவைப்பட்டது. 1950 இல் கொழும்பில் கருக்கொண்ட கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆசிய மாணவர்கள் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களுக்கு வந்தனர். ஆஸ்திரேலியக் குடும்பங்கள் பல முதன்முறையாக ஆசியருடன் பழகும் வாய்ப்பைப் பெற்றன.

1949 இறுதியில் குடிவரவு அமைச்சரான ஹரோல்டு ஹோல்ட், ஏறத்தாழ 800 ஐரோப்பியர் அல்லாத போர்க்கால அகதிகள் தங்கியிருக்க அனுமதித்தார். 1952 இல் ஆஸ்திரேலியப் படையினரை மணந்த ஜப்பானியப் பெண்கள் அனுமதிக்கப்பட்டனர். 1957 இல், 15 ஆண்டுகள் வாழ்ந்த ஐரோப்பியர் அல்லாதோர் குடியுரிமை பெறத் தகுதியுடையவர் ஆயினர்.

குடிபெயர்வுச் சட்டம், 1958 சொல்வதெழுதல் தேர்வை நீக்கி, நுழைவு அனுமதி முறையைக் கொண்டுவந்தது. இப்புதிய சட்டத்திலும் இனம் பற்றிய குறிப்பு இல்லை. அனுமதி வழங்குவதும் மறுப்பதும் அமைச்சரின் விருப்புரிமையாக இருந்ததால், பழைய கொள்கை புதிய சட்டத்தின் கீழும் தொடர்ந்தது. எடுத்துக்காட்டாக, இலங்கையில் 1956 இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாக்கப்பட்ட பின்னர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர விரும்பிய பறங்கியர், தமது ஐரோப்பிய வம்சாவளியை நிறுவ வேண்டியிருந்தது. சட்டத்தின் சொற்களில் இல்லாத ஒன்றை, சட்டத்தின் சொற்களை மாற்றுவதால் மட்டும் அகற்ற இயலவில்லை என்பதை இக்காலப்பகுதி உணர்த்துகிறது.

தொழிற் கட்சி 1965 இல் வெள்ளை ஆஸ்திரேலியா என்பதைத் தன் கொள்கை அறிக்கையில் இருந்து நீக்கியது. 1966 இல் ஹோல்ட் தலைமையிலான அரசு, தகுதியும் திறமையும் உடைய ஐரோப்பியர் அல்லாதோரின் விண்ணப்பங்களை ஏற்கத் தொடங்கியது. குடியுரிமைக்கான 15 ஆண்டுக் காலவரம்பும் அனைவருக்கும் பொதுவான ஐந்து ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. 1973 இல் கோஃப் விட்லம் தலைமையிலான தொழிற் கட்சி அரசு, குடியேறுவோரைத் தெரிவு செய்வதில் இனத்தைக் கருத்தில் கொள்ளக்கூடாது என அறிவித்தது. 1975 ஆம் ஆண்டின் இனப் பாகுபாட்டுச் சட்டம் இனத்தின் அடிப்படையிலான பாகுபாட்டைச் சட்டத்துக்குப் புறம்பானதாக்கியது. 1976 முதல் வியட்நாமிய அகதிகள் படகுகளில் வந்தபோது, புதிய கொள்கை முதலாவது பெரிய சோதனையை எதிர்கொண்டது.

தாக்கம்

- மக்கள்தொகை: 1901 இல் ஏறத்தாழ 30 ஆயிரமாக இருந்த சீனாவில் பிறந்தோர் தொகை, 1947 இல் ஏறத்தாழ 6,400 ஆகக் குறைந்தது. தங்க வயல்களை அண்டி உருவான சீனக் குடியிருப்புகள் பல மறைந்தன.
- குடும்பங்கள்: மனைவியரை அழைத்துவரத் தடை இருந்ததால், ஆண்கள் பலர் ஆஸ்திரேலியாவில் தனித்தே முதுமையுற்றனர். குடும்பங்கள் இரு நாடுகளில் பிரிந்து வாழ்ந்தன.
- பசிபிக் தீவினர்: நாடுகடத்தலில் இருந்து விலக்குப் பெற்றோரின் வழித்தோன்றல்களை ஆஸ்திரேலிய அரசு 1994 இல் தனிச் சமூகமாக ஏற்றுக்கொண்டது.
- பொறுப்பேற்பு: 1855 ஆம் ஆண்டின் தலைவரிக்காகச் சீனச் சமூகத்திடம் விக்டோரியா மாநில அரசு 2017 இல் மன்னிப்புக் கோரியது.

இச்சட்டத்தின் மறைவுக்குப் பின் ஏற்பட்ட மாற்றமும் அதன் தாக்கத்தை அளக்க உதவுகிறது. 1983 ஆம் ஆண்டின் இனக்கலவரத்துக்குப் பின்னர் இலங்கைத் தமிழர் பலர் ஆஸ்திரேலியாவில் குடியேறினர். தமிழ்நாட்டில் இருந்தும் கல்விக்காகவும் தொழிலுக்காகவும் பலர் சென்றனர். 2021 கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 95 ஆயிரம் பேர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். அதே கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பிறந்தோருள் இங்கிலாந்துக்கு அடுத்த நிலையில் இந்தியாவில் பிறந்தோர் இடம்பெற்றனர்.

மதிப்பீடு

1901 ஆம் ஆண்டுச் சட்டம் ஊதியத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் காக்க எழுந்தது என்று ஒரு சாராரும், இனவாதமே அதன் அடிப்படை என்று மற்றொரு சாராரும் விளக்கி வந்துள்ளனர். சட்டம் உருவானபோது நிகழ்ந்த நாடாளுமன்ற விவாதங்களில் இவ்விரண்டும் பிரிக்க இயலாதவாறு கலந்திருப்பதைக் காணலாம்.

சட்டவியல் நோக்கில் இதன் சிறப்பியல்பு வேறொன்றாகும். எவரையும் பெயர் சொல்லி விலக்காத ஒரு விதி, அதனை நடைமுறைப்படுத்தும் அதிகாரிக்கு வரம்பற்ற விருப்புரிமை வழங்கப்படும்போது, வெளிப்படையான தடையை விடவும் முழுமையாக விலக்க வல்லது என்பதை இச்சட்டம் காட்டியது. வெளிப்படையான தடை ஒன்றை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். தேர்வில் தோற்றவர் எதனை எதிர்ப்பது என்பது எளிதில் விளங்குவதில்லை. இக்காரணத்தாலேயே குடிவரவுச் சட்டங்களின் வரலாற்றை ஆராய்வோர், சட்டத்தின் வாசகத்துடன் அதனைச் செயற்படுத்துவதற்கான அறிவுறுத்தல்களையும் சேர்த்தே ஆராய்கின்றனர்.